டெல்லியில் ஓடும் 2017 கேம்பர் வேனுக்குப் பனிக்கால டயர்: எதைத் தேர்வு செய்வது?

மயூர்விஹார்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2017-ஆம் ஆண்டு பதிவான டீசல் டெம்போ டிராவலர் ஒன்று இருக்கிறது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு இரண்டு படுக்கைகள், ஒரு சமையல் மேடை, படுக்கைக்கு அடியில் 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, இரண்டு பேட்டரிகள் ஆகியவற்றைப் பொருத்தி, அந்த மாற்றத்தைப் பதிவுச் சான்றிலும் ஏற்றி, குடும்பப் பயணங்களுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இதுவரை கோடையிலும் மழைக்குப் பிந்தைய மாதங்களிலும்தான் மலைக்குப் போயிருக்கிறோம். வரும் ஜனவரியில் சிம்லா, நார்கண்டா வழியாகக் கின்னோர் வரையிலும், வாய்ப்பிருந்தால் மணாலியிலிருந்து அடல் சுரங்கம் கடந்து சிஸ்ஸு வரையிலும் போக வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை.

வண்டி பின்சக்கர இயக்கம் கொண்டது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிப்போகாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது. டயர் அளவு 215/75 ஆர் 15. பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் தென்படத் தொடங்கியிருக்கின்றன. பனிக்கால டயர் என்று தனியாக வாங்க வேண்டுமா, எல்லாப் பருவத்துக்குமான டயர் போதுமா, அல்லது இருக்கும் டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு போய்வரலாமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

காஷ்மீரிகேட் எழுதியது:

ஐயா, வணக்கம். டயர் வியாபாரத்திலும் பணிமனையிலும் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்த டயர் வாங்குவது என்பதற்கு முன்னால், இப்போது வண்டியில் இருக்கும் டயரை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். பக்கச் சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். அது 3218 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர் என்று பொருள். கேம்பர் வேன்களின் டயர் பெரும்பாலும் தேய்ந்து போவதில்லை, வயதாகித்தான் போகிறது. வாரக்கணக்கில் ஒரே இடத்தில் முழுப் பாரத்தோடு நிற்பதும், டெல்லியின் கோடை வெயில் ஒரு பக்கமாகவே விழுவதும் ரப்பரை இறுகச் செய்துவிடுகின்றன. நகத்தால் அழுத்திப் பார்த்தால் புது டயரில் நகம் சற்றே பதியும். பழைய டயரில் பலகையைத் தொடுவது போலிருக்கும். அப்படி இறுகிய ரப்பர் பனியில் பிடிக்காது, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் சரி.

வெடிப்பு தெரிகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பனிக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த டயர்களை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே கேள்வி, மாற்றும்போது எதைப் போடுவது என்பது மட்டுமே. தேதி எண்ணையும், அளவுக்குப் பிறகு அச்சாகியிருக்கும் பாரக் குறியீட்டையும் பார்த்து எழுதுங்கள்.

துவாரகா12 எழுதியது:

215/75 ஆர் 15 என்பது பொலேரோவுக்கும் உரிய அளவுதான். அந்த அளவில் கரடுமுரடான பாதைக்கான நல்ல பட்டன் கொண்ட டயர்கள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. சிலவற்றில் எம் + எஸ் என்ற முத்திரையும் இருக்கிறது. அவற்றைப் போட்டுக்கொள்வதே எளிய வழி என்பது என் கருத்து. சேற்றுக்கும் பனிக்கும் ஒருசேர உதவும்.

காஷ்மீரிகேட் எழுதியது:

நண்பரே, நீங்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறீர்கள், ஆனால் இந்த யோசனையை வலுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. அளவு ஒன்றாக இருப்பதாலேயே இரண்டு டயர்களும் ஒன்றாகிவிடாது. ஜீப் வகை வண்டிக்கான 215/75 ஆர் 15 டயரில் பாரக் குறியீடு வழக்கமாக 100 என்று இருக்கும்; அதாவது ஒரு டயர் தாங்கும் உச்ச எடை 800 கிலோ. அதே அளவில் இலகு சரக்கு வண்டிக்கென்று வரும் எட்டுப் பிளை (எட்டு அடுக்கு வலுவுள்ள) டயரில் 106/103 என்றிருக்கும். பின்னால் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது ஒரு டயருக்கு 950 கிலோ, இரட்டைச் சக்கரமாக ஓடும்போது 875 கிலோ. படுக்கை, தொட்டி, பேட்டரி, எரிவாயு உருளை, ஐந்து பேர், அவர்களின் கம்பளிகள் என்று ஏற்றிய வேனின் பின் அச்சுக்கு 800 கிலோ டயர் போதாது. பாரம் மிஞ்சிய டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மேல் மடங்கி நிமிர்ந்து சூடாகும். மலையில் மெதுவாகப் போகும்போது அது தெரியாமல் போகலாம். திரும்பும் வழியில் அம்பாலா தாண்டி நெடுஞ்சாலையில் வேகம் பிடிக்கும்போதுதான் வெடிக்கும்.

எம் + எஸ் என்ற எழுத்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பட்டனின் அமைப்பு சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளரே அறிவித்துக்கொள்ளும் முத்திரை அது. பனியில் ஓட்டிச் சோதித்த பிறகு தருவது அன்று. மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்த சின்னம் இருந்தால்தான், பனிமேல் வரையறுத்த சோதனையில் தேறிய டயர் என்று கொள்ளலாம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் எம் + எஸ் மட்டும் உள்ள டயரைப் பனிக்கால டயராகச் சட்டம் ஏற்பதில்லை.

மயூர்விஹார்வாசி ஐயா, பயணத்துக்குப் போகும்போது எப்படி ஏற்றுவீர்களோ அப்படியே வண்டியை நிரப்பி, தொட்டியில் தண்ணீரும் பிடித்து, அருகிலுள்ள தரம் காண்டாவில் (வண்டி எடை மேடையில்) எடை போடுங்கள். முன் அச்சைத் தனியாகவும் பின் அச்சைத் தனியாகவும் போடச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்கள் இல்லாமல் டயரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மயூர்விஹார்வாசி எழுதியது:

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி ஐயா. காஜிப்பூர் பக்கம் உள்ள எடை மேடையில் இன்று காலை எடை போட்டேன். முன் அச்சு 1,290 கிலோ, பின் அச்சு 1,770 கிலோ. பின்னால் ஒற்றைச் சக்கரம்தான். அப்படியென்றால் ஒரு பின் டயருக்குச் சராசரியாக 885 கிலோ வருகிறது. தண்ணீர்த் தொட்டி இடப்பக்கமாக இருப்பதால் இடது டயருக்கு இன்னும் கூடுதலாக இருக்கும். 800 கிலோ டயரை இனி நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. இப்போதுள்ள டயர்களில் 106/103 என்றுதான் இருக்கிறது. தேதி எண் 1119. அதாவது 2019 மார்ச்.

சட்லெஜ்கரை எழுதியது:

வணக்கம். நான் இமாச்சலின் ராம்பூருக்கு அருகில் நீர்மின் திட்டம் ஒன்றில் பணியாற்றுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி, வீடு டெல்லி ஜனக்புரியில். குளிர்காலம் முழுவதும் நார்கண்டா சாலையில் போய்வருபவன் என்பதால் பனியைப் பற்றிச் சிறிது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சமவெளியில் இருப்பவர்கள் பனி என்றவுடன் வெள்ளையாகக் குவிந்து கிடப்பதை நினைத்துக்கொள்கிறார்கள். புதிதாக விழுந்த வெள்ளைப் பனி அத்தனை ஆபத்தானது அன்று. டயரின் பட்டன் அதைக் கடித்துக்கொள்ளும். அச்சப்பட வேண்டியது, தேவதாரு மர நிழலில் வடக்கு நோக்கிய வளைவுகளில் தார் மேல் கண்ணுக்குத் தெரியாமல் உறைந்து கிடக்கும் படலம்தான். மேலே மலைச்சரிவிலிருந்து கசியும் ஊற்றுநீர் சாலையின் குறுக்கே மெல்லியதாக ஓடும். பிற்பகல் நான்கு மணிக்கு வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் அது இறுகத் தொடங்கிவிடும். மறுநாள் பத்து, பதினொரு மணிக்கு வெயில் நேரே விழும்வரை இளகாது. பார்ப்பதற்கு ஈரமான தார் போலவே இருக்கும். ஈரமாகத் தெரியும் இடத்தில் முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து நீர் தெறிக்கவில்லை என்றால், அது ஈரம் அன்று, பனிக்கட்டி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அதன் விளைவைக் கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, உராய்வுக் கெழு 0.8 கொண்ட காய்ந்த தாரில் சக்கரம் பிடித்தபின் ஏறத்தாழ நான்கரை மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் உராய்வு 0.25 என்று வைத்துக்கொண்டால் 14 மீட்டர் வேண்டும். பனிக்கட்டிமேல் 0.1 என்றால் 35 மீட்டர். இவை சமதளத்துக்கான எண்கள். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவில் உராய்வு 0.1 மட்டுமே என்றால் பிரேக் பிடித்தாலும் வேகம் குறையாது. மூன்று டன் வண்டி அதே வேகத்தில் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

பனிக்கால டயர் இதில் என்ன செய்கிறது என்றால், முதலாவதாக அதன் ரப்பர் கலவை குளிரிலும் மென்மையாக இருக்கிறது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கோடை டயர் இறுகத் தொடங்குகிறது. பனிக்கால டயரில் சிலிக்காவும் இயற்கை ரப்பரும் கூடுதலாகச் சேர்ப்பதால் அது நெகிழ்வாகவே இருக்கிறது. இரண்டாவதாக, ஒவ்வொரு பட்டனிலும் பிளேடால் கீறியது போன்ற நெளிநெளியான வெட்டுகள் நிறைய இருக்கும். சக்கரம் உருளும்போது அந்த வெட்டுகள் விரிந்து பனியைப் பற்றிக்கொள்கின்றன. பட்டன் 4 மி.மீ. ஆழத்துக்குக் குறைந்துவிட்டால் இந்தப் பலன் பெரும்பாலும் போய்விடும். நம் நாட்டு விதி கேட்பது 1.6 மி.மீ. மட்டுமே, ஆனால் ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்குச் சட்டமே 4 மி.மீ. கேட்கிறது.

ஆகவே என் பரிந்துரை தெளிவானது. பனிச்சின்னம் உள்ள உண்மையான பனிக்கால டயர் நான்கை வாங்கி, தனி ரிம்களில் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாற்றி மார்ச்சில் கழற்றிவிடலாம். பின்சக்கர வண்டிதானே என்று பின்னால் மட்டும் இரண்டைப் போடாதீர்கள். வண்டி புறப்படும், ஆனால் திருப்பத்தில் முன்சக்கரம் பிடிக்காமல் நேரே போகும். எந்தச் செலவைக் குறைத்தாலும் இந்தச் செலவைக் குறைக்கக் கூடாது.

காஷ்மீரிகேட் எழுதியது:

சட்லெஜ்கரை ஐயா எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை. இருந்தாலும் டெல்லியில் இந்த வண்டிக்கு அப்படிப்பட்ட டயர் கைக்கு எட்டுமா என்பதைப் பார்க்க வேண்டும்.

டயர்களுக்கு இந்தியத் தர முத்திரை கட்டாயம். அதற்கு மேல் 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியைக் கட்டற்ற நிலையிலிருந்து உரிமம் வேண்டும் நிலைக்கு மாற்றினார்கள். அதன்பின் வெளிநாட்டுப் பனிக்கால டயர்கள் சிறிய எண்ணிக்கையில் வருவது கடினமாகிவிட்டது. நம் நாட்டு நிறுவனங்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் தெரியாது என்பதில்லை. 2009-இல் நெதர்லாந்தின் விரெடெஸ்டைன் டயர் நிறுவனத்தை வாங்கிய அப்போலோ, காம்டிராக் 2 வின்டர், காம்டிராக் 2 ஆல் சீசன் என்று வேன்களுக்கான டயர்களையே ஐரோப்பாவில் விற்கிறது. ஆனால் டெல்லிக் கடைகளில் அவை அடுக்கி வைத்து விற்கப்படுவதில்லை. முகவரிடம் கேட்டு, எழுத்தில் உறுதி வாங்கி, காத்திருந்து வரவழைக்க வேண்டிய சரக்கு அது.

அடுத்தது அளவு. ஐரோப்பாவின் பழைய கேம்பர் வேன்களுக்குப் பரவலாகச் செய்யப்படும் 15 அங்குல அளவு 225/70 ஆர் 15 சி, பாரக் குறியீடு 112/110. ஒரு டயருக்கு 1,120 கிலோ என்பதால் உங்கள் வண்டிக்குப் பாரத்தில் எந்தக் குறையும் இருக்காது. வெளிவிட்டம் 696 மி.மீ.; உங்கள் டயருக்கு 703.5 மி.மீ. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான், வேகமானி கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவே. ஆனால் 225 அகல டயருக்கு ரிம் 6 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ரிம்மின் உட்பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 5.5 என்றிருந்தால் அந்த ரிம்மில் அதை மாட்டக் கூடாது. மாட்டித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் இருக்கின்றன, அவர்களிடம் போகாதீர்கள்.

பழைய ரிம்களில் இன்னொன்றும் உண்டு. ட்யூப் போட்டு ஓடுவதற்கென்று செய்த ரிம்மில், டயரின் விளிம்பு உள்ளே நழுவிவிடாமல் தடுக்கும் மேடு இருக்காது. பனிக்கால டயர்கள் ட்யூப்லெஸ். அந்த மேடு இல்லாத ரிம்மில் ட்யூப்லெஸ் டயரை மாட்டினால், காற்று குறைந்த நிலையில் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

நீலகிரிப்பெண் எழுதியது:

நானும் என் கணவரும் ஒரு பழைய வேனில் குளிர்காலத்தில் மலைக்குப் போய்வருகிறோம். டயர் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்; நான் சங்கிலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சங்கிலியை இயங்கு சக்கரங்களுக்குத்தான் மாட்ட வேண்டும், உங்கள் வண்டியில் பின்சக்கரங்களுக்கு. இரண்டு ஜோடி வாங்கி முன்னாலும் மாட்டினால் இறக்கத்தில் திருப்புவதற்கு மிகவும் உதவும். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் அதை நான் வலியுறுத்துவேன். வாங்குவதற்கு முன் டயரின் உட்பக்கத்துக்கும் பட்டைவில்லுக்கும், பிரேக் குழாய்க்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கையை விட்டுப் பாருங்கள். டயர் அகலமானால் அந்த இடைவெளி இன்னும் குறையும். முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுவதுமாகத் திருப்பிப் பார்த்து, அப்போதும் எங்கும் உரசாது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வீட்டிலேயே, காய்ந்த தரையில், கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் மாட்டிப் பழகுங்கள். சங்கிலியைச் சக்கரத்தின் மேல் விரித்து, உட்பக்கக் கொக்கியை முதலில் கோத்து, வெளிப்பக்கத்தை இழுத்துப் பூட்டி, வண்டியைச் சில மீட்டர் உருட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். இந்த இரண்டாம் இறுக்கத்தை விட்டுவிடுகிறவர்களின் சங்கிலிதான் அறுந்து சக்கர வளைவுக்குள் அடிக்கிறது. மாட்டியபின் மணிக்கு 50 கி.மீ. என்பது உச்ச வரம்பு; மலையில் அதில் பாதிகூட அதிகம். தார் வெளியே தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலியும் தேயும், டயரும் வெட்டுப்படும்.

பனி விழும் நாள்களில் மணாலிக்கு மேலே அடல் சுரங்கத்தை நோக்கி நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை மட்டுமே காவல்துறை விடுவது வழக்கம். உங்கள் வண்டி பின்சக்கர இயக்கம் என்பதால், எந்த டயர் போட்டாலும் அந்த நாளில் சிஸ்ஸு போக முடியாது என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இயற்பியல்ஆசிரியர் எழுதியது:

காற்றழுத்தம் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் இதைச் சேர்க்கிறேன். டெல்லியில் 20 டிகிரியில், வண்டி ஓடாமல் நின்றிருக்கும்போது பின் டயரில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அடித்துக்கொண்டு புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். மலையில் இரவு வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி என்றால், குளிர்ச்சியால் மட்டும் ஏறத்தாழ ஏழரை பிஎஸ்ஐ குறையும். ஆனால் 3,000 மீட்டர் உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தமும் குறைவாக இருப்பதால், அளவுமானி அதில் நான்கு பிஎஸ்ஐக்குச் சற்று மேல் திருப்பித் தந்துவிடும். கூட்டிக் கழித்தால் மானியில் 57-க்குச் சற்றுக் குறைவாகத் தெரியும். 33 பிஎஸ்ஐ அடிக்கும் சாதாரணக் காரில் இதே கணக்கைப் போட்டால் அரை பிஎஸ்ஐ அளவுதான் குறையும். அதனால்தான் கார் வைத்திருப்பவர்கள் இதை உணர்வதில்லை. அழுத்தம் கூடிய வேன் டயரில் குளிரின் பங்கு பெரிது. நைட்ரஜன் அடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மலையில் குறைந்ததை அங்கேயே நிரப்பிக்கொண்டால், சமவெளிக்கு இறங்கியதும் அதை மறுபடி சரிபார்க்க வேண்டும். பனியில் பிடிப்பு கிடைக்கும் என்று காற்றை இறக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. மணலுக்கு அது பொருந்தும். 885 கிலோவைச் சுமந்து ஓடும் டயரில், தார்ச்சாலையில் அதைச் செய்யக் கூடாது.

துவாரகா12 எழுதியது:

காஷ்மீரிகேட் ஐயாவின் விளக்கத்துக்குப் பிறகு என் முதல் யோசனையை வலியுறுத்த மாட்டேன். இன்னொரு கோணத்தைச் சொல்ல விரும்புகிறேன். டீசல் வண்டிக்குப் பத்தாண்டு வரம்பு என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் டெல்லியில் வண்டி வைத்திருப்பவர்கள் யாரும் மறக்க முடியாது. அதற்குப் பின் வந்த உத்தரவுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. குளிர்காலத்தில் காற்று மாசு கூடும்போது பிஎஸ் 4 புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகளை ஓட்டவே தடை வந்துவிடுகிறது. அப்படியிருக்க, இந்த வண்டிக்கு இரண்டாம் செட் டயரும் ரிம்மும் வாங்குவது எந்த அளவுக்குச் சரி?

சட்லெஜ்கரை எழுதியது:

செலவையும் ஆண்டையும் வைத்துப் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு வளைவில் வண்டி நிற்கவில்லை என்றால், அதற்கு டெல்லியில் எத்தனை ஆண்டு அனுமதி மிச்சம் என்பது பொருளற்றுப் போகும். தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்கு வண்டியை மாற்றினாலும் டயர்கள் கூடவே போகும். நல்ல டயர் கிடைக்கவில்லை என்றால் பனிக்காலத்தில் வேனைக் கொண்டுவராமல் இருப்பதே முறை. கிடைத்ததைப் போட்டுக்கொண்டு வருவது முறையன்று. இதில் என் கருத்தை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

காஷ்மீரிகேட் எழுதியது:

உங்களுடைய கவலையை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் ஆண்டில் நான்கு மாதம் குளிரிலேயே வண்டி ஓட்டுகிறீர்கள். இவர் ஆண்டில் ஒரு வாரமோ பத்து நாளோ மட்டும் பனிக்குப் போய், மற்ற நாளெல்லாம் சமவெளியில் ஓட்டுபவர். அந்த ஒரு வாரத்திலும் டெல்லியிலிருந்து சிம்லா அடிவாரம் வரை பனிக்கால டயர் அதற்கேற்ற வெப்பநிலைக்கு மேல்தான் ஓடும். மென்மையான ரப்பர் சூட்டில் வேகமாகத் தேயும், ஈரமான தாரில் பிரேக் தூரமும் கூடும். மார்ச்சில் மாற்ற மறந்து மே மாதம் வரை ஓட்டிவிட்டால் அந்த செட் அத்துடன் முடிந்தது. கழற்றி வைத்தாலும் அதற்கு இருட்டான, குளிர்ச்சியான இடம் வேண்டும். மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் 45 டிகிரி வெயிலில் வைத்த பனிக்கால டயரை நான் விலை கொடுத்து வாங்க மாட்டேன்.

இவருக்கு நான் சொல்வது இதுதான். பனிச்சின்னம் உள்ள எல்லாப் பருவ வேன் டயர், பாரக் குறியீடு 106-க்குக் குறையாமல், அவருடைய ரிம்முக்குப் பொருந்தும் அளவில் கிடைத்தால், அதையே ஆண்டு முழுவதும் போட்டுக்கொள்ளட்டும். கிடைக்காவிட்டால் அதே 215/75 ஆர் 15, எட்டுப் பிளை, புதிய தேதியுள்ள சாதாரண டயரைப் போட்டு, சங்கிலியை வைத்துக்கொண்டு, உறைந்த சாலை தொடங்கும் இடத்துக்குக் கீழேயே வண்டியை நிறுத்திவிடட்டும். பாரம் தாங்காத பனிக்கால டயரைவிடப் பாரம் தாங்கும் புதிய சாதாரண டயர் நல்லது. பனிச்சின்னத்தை முதலில் தேடுபவர்கள் இந்த வரிசையை மாற்றிவிடுகிறார்கள்.

மயூர்விஹார்வாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ரிம்மைச் சுத்தம் செய்து பார்த்தேன்: 5.5 அங்குலம்தான், ஆனால் ட்யூப்லெஸ் ரிம். எனவே 225 அகல டயரை விட்டுவிட்டேன். மூன்று முகவர்களிடம் கேட்டதில், 215/75 ஆர் 15 அளவில் பனிச்சின்னமும் 106 குறியீடும் சேர்ந்த டயரை இந்தப் பருவத்துக்குள் வரவழைத்துத் தருவதாக யாரும் உறுதி சொல்லவில்லை. ஆகவே அதே அளவில் எட்டுப் பிளை டயர்கள் ஐந்தைப் புதிதாக வாங்கவும், இரண்டு ஜோடி சங்கிலி வாங்கிப் பழகவும், தண்ணீர்த் தொட்டியைக் குளிர்காலப் பயணத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல் இருக்கவும் முடிவு செய்திருக்கிறோம்.

சட்லெஜ்கரை ஐயா சொன்ன எச்சரிக்கையை முழுவதுமாக ஏற்று, பயணத் திட்டத்தையும் மாற்றிவிட்டோம். நார்கண்டாவுக்கு வேனைக் கொண்டுபோகவில்லை. அதற்கு முன்னால் வரும் தியோக் பக்கம் வெயில்படும் இடத்தில் நிறுத்திவிட்டு, மேலே போவதற்கு உள்ளூர் ஓட்டுநரோடு நான்கு சக்கர இயக்க வண்டியை அமர்த்திக்கொள்வோம். மலைச்சாலையில் காலை பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை மட்டுமே வேன் ஓடும். சிஸ்ஸுவை ஏப்ரலுக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

சட்லெஜ்கரை எழுதியது:

நல்ல முடிவு. தியோக் வந்ததும் இங்கே எழுதுங்கள். அன்றைய சாலை நிலையைச் சொல்கிறேன். இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போது கிளட்சைத் திடீரென விடாதீர்கள். பின்சக்கர வண்டியில் வழுக்கும் இடத்தில் அப்படிச் செய்தால், பிரேக் தொடாமலேயே பின்பக்கம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள்.

காஷ்மீரிகேட் எழுதியது:

ஐந்தாவதாக ஸ்டெப்னிக்கும் புதிதாக வாங்குவது சரியான முடிவு. கடையில் மாட்டுவதற்கு முன் ஐந்து டயர்களின் தேதி எண்ணையும் நீங்களே பார்த்துவிடுங்கள். ஓராண்டுக்கு மேல் கிடங்கில் கிடந்த சரக்காக இருந்தால் வேறு கேளுங்கள். 106/103 என்ற எண் ஐந்திலும் இருக்க வேண்டும், நான்கில் இருந்தால் போதாது. வால்வுகளையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். மாட்டி முதல் 50 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிக்கொள்ளுங்கள். மலைக்குப் புறப்படும் நாளுக்கு முன்பே அதை முடித்துவிட வேண்டும்.